அடைத்த காட்டுக் கவுதாரி

மாசி 28

மதுமிதா கொடுத்துவிட்டுப் போன டைரியில் இன்றைக்குத்தான் முதல் எழுத்து. என் மகள் வயிற்றுப் பேத்தி. கோயமுத்தூர்க் காலேஜில் புல்லுக்குப் படிக்கிறாள். பால் சொசைட்டியில் இதைச் சொன்னபோது சிரித்தார்கள். "புல்லுக்கெல்லாமா படிப்பு?" என்று ஒருத்தி கேட்டாள். நெல்லும் புல்தான், கரும்பும் புல்தான், அதைத் தின்றுவிட்டுத்தான் சிரிக்கிறாய் என்றேன். 

நான் அஞ்சாவது வரை. அஞ்சாவதில் நான்தான் முதல். ஆறாவது ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. தம்பியை அனுப்பினார்கள்.

"அம்மிச்சி, மேச்சக் காட்டுல என்ன மொளைக்குது, என்ன வருது, என்ன போகுதுன்னு நெனச்சப்ப ரெண்டு வரி எழுதி வைங்க. எனக்கு ஒதவும்" என்றாள். பேத்தி கேட்டு இல்லை என்பேனா.

இன்று: மயிலைப் பசுவுக்கு உண்ணி பிடுங்கினேன். வெள்வேலங்காய் உதிர ஆரம்பித்திருக்கிறது.

பங்குனி 2

வடக்குக் காட்டை அடைத்தேன்.

மதுமிதாவுக்குத் தெரியும், அவளுடைய வாத்தியார்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், அதனால் எழுதுகிறேன். எங்கள் மேய்ச்சல் காடு மூன்று துண்டு. நடுவே கிளுவை வேலி. நான் குடியிருக்கிற சாளையைச் சுற்றி ஒரு துண்டு, அதில் என் மாடுகள். தெற்கே ராக்கியப்பனின் செம்மறிகள். ஆறு வருசமாக அவனுக்கு விட்டிருக்கிறேன். அதை ஒட்டி வடக்கே இருப்பதைப் பங்குனியில் அடைத்தால் ஆடி பிறக்கிற வரைக்கும் ஒரு குளம்பு உள்ளே போகக் கூடாது. கொழுக்கட்டைப்புல் கதிர் வாங்கி விதை உதிர்க்க வேண்டும். கவுதாரி, காடை, ஆள்காட்டி எல்லாம் தரையில் முட்டை வைக்கிற காலமும் அதுதான். கவுதாரி கரையானைக் கிளறித் தின்னும். இல்லாவிட்டால் கரையான் புல்லின் வேரைத் தின்றுவிடும். எங்கள் வேலிக்குள் கவுதாரிக்கு இருக்கிற மரியாதை அதனால்தான்.

தம்பி அங்கமுத்து வந்து வாசல் படலைக் கட்டிக் கொடுத்தான். மூங்கில் சட்டத்தில் வேல முள் வைத்துப் பின்னிய படல். அதைக் கட்டுகிற முடிச்சு எங்கள் அப்பன் போட்டது. இரண்டு சுற்று, ஒரு மடிப்பு, நுனியை உள்ளே செருக வேண்டும். வேறு ஆள் அவிழ்த்தால் திரும்ப அதே போலக் கட்ட முடியாது. இன்றைய தேதிக்கு அந்த முடிச்சு தெரிந்தவர்கள் நானும் அங்கமுத்துவும்தான்.

இந்தப் புல்லே அவன் கொண்டுவந்ததுதான். நான் கல்யாணமாகி வந்தபோது இந்த நிலம் சோளம் போட்டுப் போட்டுச் செத்துக் கிடந்தது. தாய்வீட்டில் பண்டம் பாத்திரத்தோடு ஒரு மூட்டைப் புல்விதையும் கேட்டு வாங்கினேன். நகை கேட்காமல் புல் கேட்கிறாள் பார் என்று சொந்தமெல்லாம் சிரித்தது. சின்னப் பையனாக இருந்த அங்கமுத்து அந்த மூட்டையைத் தலையில் வைத்து ஆற்றைக் கடந்து வந்தான். புல் வந்த பிறகு கவுதாரி தானாக வந்தது. நாங்கள் யாரும் கூப்பிடவில்லை.

போன கார்த்திகையில் அவன் பெண்டாட்டி தவறிவிட்டாள். அதிலிருந்து வாரத்துக்கு இரண்டு தடவை வருகிறான். "உன்ற கையில ஒரு வாய் சோறு திங்கலாமுன்னுதான்" என்பான். அவன் வருகிற நாளில் நான் கூடக் கொஞ்சம் கடலை எண்ணெய் ஊற்றுகிறேன்.

பங்குனி 8

கண்டக்டரைப் பற்றி எழுதவில்லை. போன ஆடியில் பக்கத்துத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியபோது ஒரு கவுதாரிக் கூடு அகப்பட்டது. அம்மை பறந்துவிட்டது. மூன்று முட்டை மிச்சம். கொண்டுவந்து அடைக்கோழிக்கு வைத்தேன். பொரித்ததில் ஒன்று தங்கியது. விடிந்தால் இரண்டு விசில் கொடுக்கும், பஸ் கிளம்புகிற மாதிரி. அதனால் கண்டக்டர்.

கோழி வளர்த்த பிள்ளை அல்லவா, பாட்டு சுத்தம் கிடையாது. மற்றக் கவுதாரிகள் "தித்தீர், தித்தீர்" என்று வெட்டினாற்போல் முடிக்கும். இது கடைசியில் ஒரு "கொக்" சேர்க்கும். விக்கல் வந்த பாகவதர் மாதிரி. இரைக் கிண்ணத்தை நகத்தால் நான் இரண்டு தட்டு தட்டினால் எங்கே இருந்தாலும் ஓடி வரும்.

மதுமிதா போனில், "அதை வளக்கறதே தப்பு அம்மிச்சி, காட்டுல விட்டுருங்க" என்கிறாள். தப்பாம். அம்மையில்லாத குஞ்சை எடுத்து வளர்த்தது தப்பு.

பங்குனி 13

அங்கமுத்து கம்மங்கூழ் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, ஊடு வெறிச்சுனு கெடக்குது. அவ இருந்தா விடியறப்ப பாத்தரத்தையாச்சும் உருட்டுவா. இந்தக் கண்டக்டரக் கொஞ்ச நாளைக்குக் குடேன்."

"எறையெல்லாம் நேரத்துக்குப் போடோணும். மறந்து போடுவே."

"நானே நேரத்துக்குத் திங்கறனோ இல்லியோ, அதுக்குப் போட்டர்றேன். உனக்கென்ன, காடு பூரா கவுதாரி கத்துது."

கொடுத்தேன். அவன் தோளில் இருந்த கறுப்புத் துண்டை எடுத்துக் கூண்டை மூடினான். "துணி போட்டா ராத்திரின்னு நெனச்சுக்கும். சத்தம் போடாது" என்றான். அவன் சொன்னது போலவே அது அடங்கிவிட்டது.

சின்ன வயதில் கண்ணி வைக்கிற பழக்கம் அவனுக்கு இருந்தது. இந்த வேலிக்குள் யாரும் கண்ணி வைக்கக் கூடாது என்று என் வீட்டுக்காரர் கன்னிமார் கோயிலில் எல்லாரையும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தார். அங்கமுத்துவும் அணைத்தான். அத்தோடு விட்டுவிட்டான். சொன்ன சொல் காப்பதில் எங்கள் அப்பன் மாதிரி.

பங்குனி 14

கூண்டு மாட்டுகிற ஆணி வெறுமையாக இருக்கிறது.

பங்குனி 22

விடிவதற்கு முன்னால் வடக்குக் காட்டில் ஒரு கவுதாரி கத்தியது. கடைசியில் "கொக்". பால் கறந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது. கண்டக்டர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அங்கமுத்து வீட்டில் அல்லவா இருக்கிறான்.

அப்புறம் யோசித்தேன். மாதக் கணக்கில் இங்கே கத்தியிருக்கிறான். காட்டில் இருந்த குஞ்சுகள் கேட்டுக்கொண்டுதானே வளர்ந்திருக்கும். என் வளர்ப்பைப் பார்த்துக் காட்டுப் பறவையும் பாட்டை மாற்றிக்கொண்டிருக்கிறது. மதுமிதாவிடம் சொன்னால் காலேஜே அசந்துபோகும்.

வடக்கு வாசல் வரைக்கும் போய்ப் பார்த்தேன். படலில் நம் முடிச்சு நம் முடிச்சாகவே இருக்கிறது.

பங்குனி 27

அங்கமுத்து தூக்குப்போசியில் கறி கொண்டுவந்தான். பண்ணைக் காடையாம். மிளகும் சின்ன வெங்காயமும் தூக்கலாகப் போட்டு அவனே வறுத்தது. பெண்டாட்டி போன பிறகு சமைக்கக் கற்றுக்கொண்டுவிட்டான். "அக்காளுக்குன்னு நெஞ்சுப் பக்கமா எடுத்து வெச்சேன்" என்றான். காடைக்கு இத்தனை நெஞ்சுக்கறியா என்று கேட்டேன். இப்போதெல்லாம் தீவனம் போட்டுக் கொழுக்க வைக்கிறார்கள் என்றான். இரண்டு தரம் வாங்கித் தின்றேன். கண்டக்டர் சௌக்கியமாம், நன்றாகக் கத்துகிறானாம்.

சித்திரை 3

ராக்கியப்பன் வந்தான். வாசலுக்கு வெளியிலேயே நின்றான். கையில் நைலான் நரம்பில் முடிந்த கண்ணி. ஒரு குச்சியில் வரிசையாக ஏழெட்டு.

"பெரீம்மா, ஆட்டுக்குட்டி ஒண்ணு காலு மாட்டிட்டுக் கத்துச்சுங்க. வடக்கு வேலி ஓரமா. அந்தப் பக்கத்துல இருந்து இழுத்துட்டு வந்திருக்குது."

"உன்ற ஆடு வடக்குக் காட்டுக்கு எதுக்கப்பா போச்சு?"

"வேலிச் சந்துல ஒரு குட்டி பூந்திருச்சுங்க. அதில்லீங்க நான் சொல்ல வந்தது. விடியக்கால அங்க கவுதாரி கத்துதுங்களே, கேட்டீங்களா?"

"கேட்டேன். என்ற கண்டக்டர்கிட்டப் படிச்ச கவுதாரி."

அவன் என்னைப் பார்த்தான்.  "செரிங்க. பாத்துக்குங்க" என்று கண்ணியை வாசற்கல்லில் வைத்துவிட்டுப் போனான்.

சித்திரை 5

கண்ணியை அங்கமுத்துவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நல்ல கைவேலைதான். ஆரு குடுத்தா?"

"ராக்கியப்பன்."

"அப்ப வேற ஆரத் தேடறே? வெச்சவனுக்குத்தான் எங்க வெச்சான்னு தெரியும். ஆட்டுக்குட்டி மாட்டிக்கிட்டுது, இனி எப்படியும் வெளிய தெரியும்னு அவனே கொண்டாந்து குடுத்து நல்லவனாயிட்டான். நீ அக்கா, படலு கட்டுனபடி கெடக்குதுங்கறே. அப்ப வேலிச் சந்துலதான பூந்திருக்கோணும். சந்து ஆரு பக்கத்துல இருக்குது?"

தெற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இது எனக்கு எப்படித் தோன்றாமல் போனது. படித்தவன் படித்தவன்தான்.

சித்திரை 6

காலையில் பால் சொசைட்டியில் வைத்தே கேட்டுவிட்டேன். ஒளித்து மறைத்துப் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை.

"ராக்கியப்பா, மேய்க்க எடம் குடுத்தா வேட்டையாடறதுக்கும் சேத்தா குடுத்தேன்?"

பால் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்தார்கள். அவன் கேனைக் கீழே வைத்தான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"பெரீம்மா, நா வேண்டாமுன்னா வேண்டாமுன்னு சொல்லிப்போடுங்க. ஆட்ட ஓட்டிக்கிறேன். இந்தப் பேச்சு வேண்டாம்."

"அப்ப ஆரு வெச்சா, சொல்லேன்."

"நாஞ் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. உங்க காதே சொல்லுது, அதையே நம்ப மாட்டீங்கறீங்க."

அவன் பெண்டாட்டி சரசாள்தான் சும்மா இருக்கவில்லை. "ஆறு வருசம் உங்க காட்டுக்கு ஆட்டுப் புழுக்கை போட்டமுங்க. ஒரு நாளு ஒரு குச்சி ஒடிச்சிருப்பமா? மானத்த எடுத்துப்போட்டீங்களே, நீங்க நல்லா இருங்க" என்றாள். நல்லா இருங்க என்று அவள் சொன்ன விதம் நன்றாக இல்லை.

மத்தியானத்துக்குள் தெற்குக் காடு காலி. ஆட்டுச் சத்தம் இல்லாமல் என்னவோ காது அடைத்த மாதிரி இருக்கிறது. பழகிப்போகும்.

சித்திரை 15

நாலு நாள் முன்னால் நல்ல மழை. கிளுவை ஒரே இரவில் பச்சை கட்டிவிட்டது. கொழிஞ்சி முளைத்திருக்கிறது, நரிப்பயறு இரட்டை இலை விட்டிருக்கிறது. ஈசல் பறந்தது. ஈசலுக்குக் கரிச்சானும் மைனாவும் கூட்டமாக வந்தன. போன வருசம் ஈசல் புற்றைச் சுற்றிக் கவுதாரிகள் பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருந்தன. இந்தத் தடவை இரண்டு மூன்றுதான் கண்ணில் பட்டன. ராக்கியப்பன் பிடித்தது அவ்வளவு இருக்கும்போல.

சித்திரை 26

அங்கமுத்து விடிந்த கையோடு வந்துவிட்டான். மொபெட்டை ரோட்டோரம் நிறுத்திவிட்டு நடந்து வந்தானாம். நடக்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருக்கிறாராம். வேட்டி முட்டி வரைக்கும் கொழுக்கட்டைப்புல் கதிர் ஒட்டிக் கிடந்தது. உட்கார வைத்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். சின்ன வயதிலும் இப்படித்தான், காட்டில் விழுந்து புரண்டுவிட்டு வருவான், அம்மா அடிப்பதற்கு முன்னால் நான் பிடுங்கிவிடுவேன்.

புதுக் கதிர், நல்ல முற்றல். தெற்குக் காட்டை ஆடு மொட்டை அடித்தது இன்னும் தேறவில்லை. சாளைக் காட்டில் என் மாடுகள் கதிர் வர விடுவதில்லை. ரோட்டோரத்தில் இவ்வளவு நல்ல புல் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நாளைக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

சித்திரை 27

ரோட்டோரம் போக நேரம் இல்லை.

வைகாசி 4

மதுமிதா கேட்டுக்கொண்டே இருந்தாள் என்று, அந்தப் பாட்டு மாறிய கவுதாரியை இன்றைக்குப் போனில் பிடித்தேன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பிடித்ததில் தெளிவாக விழுந்திருக்கிறது. அனுப்புவதற்குத் தெரியாமல் பால் வண்டிக்காரனிடம் கொடுத்து அனுப்பச் சொன்னேன். என் பேர் காலேஜ் புத்தகத்தில் வருமா என்று கேட்க வேண்டும். கேட்டால் அல்பமாக இருக்கும். அவளே போடுவாள்.

வைகாசி 5

போன் வந்தது.

"அம்மிச்சி, கேட்டேன். இது நம்ம கண்டக்டர்தானே?"

"அவன் உங்க சின்னத் தாத்தா வீட்டுல இருக்கறான் கண்ணு. இது காட்டுப் பறவை. அவன்கிட்டக் கேட்டுப் பழகினது."

அந்தச் சத்தத்தை மறுபடி ஒரு தரம் ஓட்டிப் பார்த்தாள், போனில் எனக்கும் கேட்டது.

"கவுதாரி அப்படிப் பழகாது அம்மிச்சி. அதோட குரலு பொறப்புலயே இருக்கும். கண்டக்டருக்கு ஏதோ தொண்டையில கோளாறு, அவ்வளவுதான். இன்னொண்ணுக்கு அதே கோளாறு வராது." அப்புறம், "சின்னத் தாத்தா இப்ப அடிக்கடி வர்றாங்களா?" என்றாள்.

"அவன் என்ற தம்பி" என்றேன். போனை வைத்துவிட்டேன். படிப்பு ஏறினால் மரியாதை இறங்கிவிடுகிறது. மறுபடி இரண்டு தரம் அடித்தது, எடுக்கவில்லை.

சாயங்காலம் வடக்கு வாசலுக்குப் போனேன். முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டு சுற்று, ஒரு மடிப்பு, நுனி உள்ளே. கயிற்றில் மழை ஈரம் காய்ந்த தடம் இருந்தது. பழைய மடிப்பின் தடம் இப்போதைய மடிப்பிலிருந்து ஒரு விரல் தள்ளிக் கிடந்தது, மழைக்குப் பிறகு அவிழ்த்துக் கட்டியது போல.

வைகாசி 6

கோழி கூவ எழுந்தேன். இரைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டேன். எதற்கு எடுத்தேன் என்று கேட்டால் தெரியாது.

வடக்கு வாசலில் படல் பாதி திறந்து கிடந்தது. உள்ளே புல் என் இடுப்புக்கு இருந்தது, கதிர் எல்லாம் பனியில் தலை சாய்ந்து. நடந்த தடம் ஒற்றையடிப் பாதையாகத் தேய்ந்திருந்தது. ஒரு நாள் இரண்டு நாள் நடையில் அப்படித் தேயாது. ஆள்காட்டி ஒன்று என் தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றியது. அது யாரைக் கண்டாலும் கத்தும்.

பெரிய வெள்வேலுக்கு அடியில் கூண்டு இருந்தது. சுற்றிலும் கண்ணிக் குச்சிகள். கண்டக்டர் நெஞ்சை நிமிர்த்திக் கத்திக்கொண்டிருந்தான். தன் இடத்தில் வேறொருத்தன் வந்து கத்துகிறான் என்று சண்டைக்குப் புல்லுக்குள் இருந்து ஒரு ஆண் கவுதாரி விறைப்பாக வந்தது. பொட்டை பின்னாலேயே வந்தது.

நான் கிண்ணத்தை நகத்தால் தட்டினேன். கண்டக்டர் பாட்டை நிறுத்திவிட்டுக் கூண்டுக் கம்பியில் வந்து மோதினான். வந்த இரண்டும் விர்ரென்று எழும்பிப் போய்விட்டன.

"ஆருடா அது?" மரத்துக்குப் பின்னால் இருந்து சத்தம். அப்புறம் அங்கமுத்து எழுந்து நின்றான். வாயில் பீடி, தோளில் கறுப்புத் துண்டு. வேட்டி முழுக்கக் கதிர்.

பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தான். அவன்தான் முதலில் பேசினான்.

"நேரத்துலயே எந்திரிச்சுட்டியா அக்கா?"

"எத்தன நாளாடா?"

"என்னத்த எத்தன நாளு. சும்மா ஒண்ணு ரெண்டு. ஊட்டுல உக்காந்து செவுத்தப் பாத்துட்டு இருக்கறதுக்கு இது ஒரு வேல. கைக்குப் பழகின வேல."

"சூடம் அணச்சயே."

"மாமன் இருந்தாரு, அணச்சேன். மாமனே போயாச்சு." கண்ணிக் குச்சிகளைப் பிடுங்கி ஒவ்வொன்றாகச் சுருட்டினான்.  "இதப் பாரு, இந்தப் புல்லு நம்ம ஊட்டுப் புல்லு. நாந்தான் தலையில சொமந்து வந்தேன். புல்லுக்கு வந்த கவுதாரி மட்டும் உன்ற தனிச் சொத்தாயிருமா?"

"ராக்கியப்பன நானு ஊரு முன்னால..."

"நானா அவனத் தொரத்தச் சொன்னேன்? நீயாத்தான் போயிக் கேட்டே. நான் ஒரு பேச்சுக்குச் சொன்னத வழக்குன்னு நெனச்சுத் தீர்ப்பு எழுதுனது நீ."

நான் கூண்டைத் தூக்கிக்கொண்டேன். பின்னாலேயே வந்தான்.

"அக்கா, பங்குனியில கொண்டாந்தனே கறி. நெஞ்சுக்கறின்னு ரெண்டு வாட்டி கேட்டு வாங்கித் தின்னயே. அது என்னன்னு நெனச்சே? பாதி உனக்குந்தான் குடுத்தேன். உன்ன உட்டுட்டு நானு திங்கல."

இதைக் குத்திக் காட்டவா சொன்னான், பாசத்தில் சொன்னானா, இன்னமும் எனக்குத் தெரியவில்லை. பாசத்தில் சொன்னான் என்றால்தான் மோசம்.

படலுக்கு வெளியே வந்ததும் அவன் குனிந்து முடிச்சுப் போட்டான். எங்கள் அப்பன் முடிச்சு. துளி பிசகில்லை.

வைகாசி 7

எழுத ஒன்றும் இல்லை.

வைகாசி 9

படலில் கயிற்றை அறுத்து எறிந்துவிட்டுக் கம்பி போட்டு முறுக்கினேன். அசிங்கமாக இருக்கிறது. இருக்கட்டும்.

உள்ளே போய்ப் பார்த்ததில் புல் தூருக்கு அடியில் ஒரு கூடு. ஏழு முட்டை. தொட்டால் சில்லென்று இருந்தது. தாய் போய் நாளாகியிருக்கும். இப்போது என்னிடம் அடைக்கோழியும் இல்லை. கொஞ்சம் தள்ளிக் கரையான் மண் புல்லின் கழுத்து வரைக்கும் ஏறியிருக்கிறது.

வைகாசி 13

கண்டக்டரை வடக்குக் காட்டில் திறந்து விட்டேன். மதுமிதா சொன்னாள் என்பதற்காக இல்லை. கொஞ்ச தூரம் ஓடினான், மண்ணைக் கிளறினான், மேடேறிக் கத்தினான். பதில் இல்லை. மறுபடி கத்தினான். வேலி ஓரத்தில் எங்கோ ஒன்று கெக்கெக் என்று பதறி ஓடிய சத்தம் மட்டும் கேட்டது. அந்தக் குரலுக்கு என்ன அர்த்தம் என்று மிச்சம் இருப்பவற்றுக்குத் தெரிந்துவிட்டது.

பொழுது சாய, என் காலுக்கு முன்னால் நடந்து சாளைக்கு வந்து தானாகவே கூண்டுக்குள் போனான்.

வைகாசி 20

உப்பு வாங்க வேண்டியிருந்தது. மேற்கால ஊர்க் கடையில் உப்பு நன்றாக இருக்கும் என்று அவ்வளவு தூரம் நடந்தேன். ராக்கியப்பன் வீடு அந்த வழியில்தான். வாசலில் அவன் நாய் படுத்திருந்தது, தொரட்டி சுவரில் சாய்த்திருந்தது, செருப்பு நிலைக்கு வெளியே கிடந்தது.

"ராக்கியப்பா" என்று கூப்பிட்டேன்.

உள்ளே சட்டியில் கரண்டி நின்றது. சரசாள் வந்தாள்.

"அவரு இல்லீங்க."

நாய் திரும்பி வீட்டுக்குள் பார்த்து வாலை ஆட்டியது.

"வந்தா, ஆட்ட ஓட்டிட்டு வரச் சொல்லு. தெற்குக் காட்டுல புல்லு தேறியிருக்குது."

"வேற எடம் புடிச்சாச்சுங்க."

"நாந்தான் தப்பா..." என்று ஆரம்பித்தேன். மிச்சம் வரவில்லை. அவள் காத்திருந்தாள். அந்த மிச்சத்துக்குத்தான் காத்திருந்தாள் என்று தெரிந்தது. உப்புக் கடை அடைத்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆனி 3

பால் சொசைட்டியில், கண்ணி வைத்தது ராக்கியப்பன் இல்லை என்று சொன்னேன். கேட்கும்படியாகத்தான் சொன்னேன். "அப்ப ஆருங்க?" என்றார்கள். தெரியாது என்றேன். முன்பு புல்லுக்குச் சிரித்தவள் இன்றைக்குச் சிரிக்கவில்லை, கேனை மட்டும் நகர்த்தி எனக்கு இடம் விட்டாள். அதற்குச் சிரித்திருக்கலாம்.

ஆனி 11

மதுமிதா வந்திருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு படுத்துக்கொண்டாள். டைரியைக் கேட்டாள். எழுதி முடிக்கவில்லை என்று சொன்னேன்.

ஆனி 28

வடக்குக் காட்டில் நரிப்பயறு காய்த்துக் கொடி படர்ந்திருக்கிறது. முயல் புழுக்கை கண்டேன். வானம்பாடி ஒன்று நெட்டுக்கு ஏறிப் பாடிவிட்டு விழுகிறது. கவுதாரிச் சத்தம் இல்லை. கரையான் கிழக்கு மூலையைத் தின்றுவிட்டது, பாய் விரித்த மாதிரி வெறும் மண்.

ஆடி 1

நோம்பி. தேங்காய் சுட்டேன், ஒருத்திக்கு ஒரு தேங்காய் அதிகம். மாடுகளுக்குப் பாதி போட்டேன்.

ஆடி நோம்பிக்கு எனக்குச் சேலை எடுத்து வருவதை அங்கமுத்து ஒரு வருசமும் விட்டதில்லை. காலையிலிருந்தே காதை அந்தப் பக்கம் வைக்காமல் இருக்க வேலை செய்துகொண்டிருந்தேன். உச்சிப் பொழுதில் மொபெட் சத்தம் வாசல் வரைக்கும் வந்து நின்றது. இந்தத் தடவை ரோட்டோரம் நிறுத்தவில்லை.

சாளை வாசலிலும் நான் கம்பி போட்டுவிட்டேன். கம்பியை ஆட்டிப் பார்த்தான்.

"அக்கா."

கதவுக்கு இந்தப் பக்கம் அம்மிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். கையை எடுத்துவிட்டேன், அம்மிச் சத்தம் வெளியே கேட்கும்.

"அக்கா, நாந்தான். சேல கொண்டாந்திருக்கறேன். மாம்பழக் கலரு."

எனக்கு மாம்பழக் கலர் பிடிக்கும்.

"ஒரு வா தண்ணியாச்சும் குடுக்கா."

அப்போது விட்டத்தில் தொங்கிய கூண்டுக்குள் கண்டக்டர் எழுந்தான். இரண்டு மாதம் கையில் இரை வைத்த ஆள் குரல் கேட்டால் விடுவானா. கழுத்தை நீட்டி, வீடு அதிர, பாட்டை எடுத்தான். கடைசியில் "கொக்".

வெளியே அங்கமுத்து சிரித்தான். அழுதுகொண்டே சிரித்த மாதிரி இருந்தது. "இருக்கறயா அக்கா" என்றான். "உள்ளதான் இருக்கறயா."

எழுந்து போய்க் கொடியில் கிடந்த என் பழைய சேலையை எடுத்துக் கூண்டின் மேல் போட்டு நான்கு பக்கமும் இழுத்து மூடினேன். பறவை அடங்கிவிட்டது.

துணி போட்டால் சத்தம் போடாது என்று அவன் சொன்னது சரிதான்.